பழைய பிக்கப் வண்டி பார்க்கப் போனது



தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று ஒரு பழமொழி உண்டு. வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம், "பல்லை ஏன் சார் பார்க்கணும்?" என்று யாராவது ஒரு மாணவர் கேட்பார். மாட்டுக்குப் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் இணை இணையாக முளைக்கும். அந்தக் கணக்கைக் கொண்டு வயதைச் சொல்லிவிடலாம். விற்பவர் வாய் சொல்லும் வயது ஒன்று, மாட்டின் வாய் சொல்லும் வயது வேறொன்று என்று விளக்குவேன். அடுக்குமாடி வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு மாட்டுச் சந்தை எங்கே தெரியும்? ஆனால் ஒரு சிறுமி, "எங்கப்பா பழைய கார் வாங்கினப்போ டயர்ல ஏதோ நம்பர் பார்த்தாரே, அது மாதிரியா சார்?" என்று கேட்டாள். அதே மாதிரிதான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். அதுதான் வண்டியின் பல்.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவருக்காகப் பிக்கப் வண்டி ஒன்றைப் பார்த்துவரச் சென்றிருந்தேன். (சிறு சரக்குந்து என்று எழுதலாம்தான். ஆனால் சாலையில் ஒருவரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.) தமிழாசிரியருக்கும் டீசல் வண்டிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். என் தந்தையார் லாரி ஓட்டுநர். பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து விடியற்காலையில் காய்கறி ஏற்றிச் செல்வார். பள்ளி விடுமுறை நாள்களில் ஒரு கையில் விளக்கும் மறு கையில் எண்ணெய்த் துணியுமாக அவருடன் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்திருக்கிறேன். அப்போது காதில் விழுந்த சொற்கள் இன்னும் மறக்கவில்லை. 'கமான் பட்டை' என்பார். வண்டியின் பின்புறப் பாரத்தைத் தாங்கும் வளைந்த இரும்புப் பட்டைகளுக்குப் பட்டறையில் அதுதான் பெயர். கமான் என்றால் பாரசீக மொழியில் வில். எழுதப் படிக்கச் சிரமப்பட்ட என் தந்தையார் தம்மை அறியாமலே பாரசீகம் பேசிக்கொண்டிருந்தார் என்பது பல்கலைக்கழகம் சென்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மாணவரின் தொழில் தோட்டப் பராமரிப்பு. தனியார் குடியிருப்புகளில் புல் வெட்டுவது, வேலிச் செடிகளைக் கத்தரிப்பது, மரக்கிளைகளை அகற்றுவது போன்ற வேலைகள். அவரிடம் நான்கு பேர் பணிபுரிகிறார்கள். நால்வரும் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்தவர்கள். மாத வாடகை லாரிக்கே வருமானத்தில் பெரும்பங்கு போய்விடுகிறது என்று சொந்த வண்டி வாங்க முடிவு செய்திருந்தார். கையில் இருந்தது 36,000 வெள்ளி. அது அவருடைய எட்டு ஆண்டுச் சேமிப்பு. "சார், ஒரு வண்டி பார்த்து வச்சிருக்கேன். நீங்க ஒரு தடவை வந்து பார்த்துட்டீங்கன்னா மனசுக்கு நிம்மதியா இருக்கும்" என்று தொலைபேசியில் சொன்னார். அவர் குரலைக் கேட்டதுமே, வண்டியை ஏற்கெனவே மனத்தளவில் வாங்கிவிட்டார் என்று புரிந்தது.

வெளிநாட்டு வாசகர்களுக்காக இங்கே சற்று விளக்க வேண்டும். சிங்கப்பூரில் வண்டி வாங்குவது என்பது இரும்பை வாங்குவது மட்டுமன்று, காலத்தை வாங்குவது. 1990 முதல் இங்கே வண்டி வைத்திருக்க வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். அதை ஏலத்தில் எடுக்க வேண்டும், பத்தாண்டுக்குத்தான் செல்லும். சரக்கு வாகனங்களுக்கும் பேருந்துகளுக்கும் தனிப்பிரிவு. 2024-ஆம் ஆண்டு ஏலங்களில் அந்தப் பிரிவில் ஒரு சான்றிதழ் 60,000 வெள்ளிக்கு மேல் போயிற்று. வண்டியை விடக் காகிதத்திற்கு விலை அதிகம் என்று நாம் சிரித்துக்கொள்வது இதனால்தான். பத்தாண்டு முடிந்தால் அப்போதைய சராசரி விலையைக் கட்டி ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ புதுப்பிக்கலாம். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த வண்டியை மறுபடி புதுப்பிக்க முடியாது. அது முடிந்ததும் வண்டியின் பதிவும் முடிந்தது. எப்படியானாலும் சரக்கு வாகனத்திற்கு இருபது ஆண்டுதான் ஆயுள்.

ஆகவே இங்கே பழைய வண்டி வாங்குவோர் அனைவரும் முதலில் ஒரு வகுத்தல் கணக்குப் போடுவார்கள். கேட்கும் விலையை மிச்சமிருக்கும் ஆண்டுகளால் வகுப்பது. மாணவர் பார்த்த வண்டிக்குப் பதினொரு வயது. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்து ஓராண்டு ஓடி, நான்காண்டு மிச்சம் இருந்தது. விலை 36,000. ஆண்டுக்கு 9,000 வெள்ளி. "சந்தையில இந்தக் கணக்குக்கு வேற வண்டியே இல்ல சார்" என்றார் மகிழ்ச்சியுடன்.

அந்தக் கணக்குத்தான் எனக்கு ஐயத்தை எழுப்பியது. நான்காண்டு உரிமை இருக்கிறது என்பதால் வண்டி நான்காண்டு ஓடும் என்று யார் சொன்னது?

வண்டி பொங்கோலின் ஓரத்தில், ஒரு திறந்தவெளி நிறுத்துமிடத்தில் நின்றது. அது திறந்தவெளியில் நின்றதற்குக் காரணம் இருந்தது. பின்தட்டின் மேல் கூரைச் சட்டம் பொருத்தியிருந்தார்கள். பன்றிப் பண்ணைகளும் கம்பங்களும் இருந்த பழைய பொங்கோலில் லாரியை எங்கு வேண்டுமானாலும் நிறுத்தியிருக்கலாம். வடகிழக்குப் பாதை ரயில் 2003-இல் வந்த பிறகு எழுந்த இந்தப் புதிய நகரில் கார் நிறுத்துமிடங்கள் பெரும்பாலும் பலமாடிக் கட்டடங்கள். ஒவ்வொன்றின் வாசலிலும் உயரம் எழுதிய குறுக்குக் கம்பி தொங்கும். கூரை வைத்த வண்டி அதில் இடிக்கும். மாணவர் குடியிருப்பதும் பொங்கோலில்தான். இரவில் வண்டியை எங்கே நிறுத்துவார்? அவர் அதை யோசித்திருக்கவில்லை.

விற்பவர் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். நான் முதலில் எஞ்சின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தேன். சூடாக இருந்தது. டீசல் எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் முடுக்கினால்தான் அதன் உண்மைக் குணம் வெளிப்படும். முடுக்கியதும் கொஞ்சம் வெண்புகை வந்து அடங்கினால் கவலையில்லை. நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. நிற்காத கரும்புகை என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை. முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்த வண்டியில் இவற்றில் பாதி மறைந்துவிடும். எண்ணெய் ஊற்றும் மூடியை எஞ்சின் ஓடும்போதே திறந்து பார்த்தேன். புகை குபுகுபுவென்று வரவில்லை. மூடியின் உட்புறத்தில் பால் போன்ற படிவும் இல்லை. எஞ்சின் மோசமில்லை என்றே தோன்றியது.

கிலோமீட்டர் எண் அந்த வயதுக்குக் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் கிளட்ச் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஓரத்தில் இரும்பு தெரிந்தது. கதவோரம் ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பார்த்தேன். இரண்டு இடங்களில் ஒட்டாமல் நழுவிற்று. உள்ளே தகடு இல்லை, பட்டி பூசி வண்ணமடித்திருக்கிறார்கள். இவையெல்லாம் பழைய வண்டியில் எதிர்பார்க்கக்கூடியவைதாம். விலையில் சில நூறு குறைத்துக் கேட்கலாம், அவ்வளவே.

பின்னர் பத்தடி தள்ளி வண்டியின் பின்னால் போய் நின்றேன். இடப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தது. வெற்று வண்டி அப்படி நிற்கக் கூடாது. கொண்டுபோயிருந்த பழைய அட்டையை விரித்து அடியில் படுத்தேன். (வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. படுப்பது எளிது, எழுவதுதான் கடினம்.) சட்டகம் முழுவதும் பளபளவென்று புதுக் கறுப்பு வண்ணம். பதினொரு ஆண்டு ஓடிய வண்டிக்கு மேலே கீறலும் அடியில் புதுமெருகும் இருந்தால் ஒன்றை மறைக்கிறார்கள் என்று பொருள் என்பது தந்தையார் பாடம். திருப்புளியின் கைப்பிடியால் நீளச் சட்டத்தைத் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல இரும்பு 'டங்' என்னும். இடப்பக்கக் கமான் பட்டையைச் சட்டகத்தோடு பிணைக்கும் கொண்டிக்கு அருகில் 'தொப்' என்றது. லேசாக அழுத்தினேன். வண்ணம் ஓடுபோல் உடைந்து, உள்ளிருந்து துரு அடுக்கடுக்காக உதிர்ந்து என் முகத்தில் விழுந்தது. கண்ணாடி அணிந்திருந்தது நல்லதாயிற்று.

நம் ஊரில் பனி இல்லை, சாலையில் உப்பு தூவுவதும் இல்லை. பிறகு இத்தனை துரு எப்படி? பேச்சுவாக்கில் விற்பவரே சொன்னார், வண்டி முன்பு கடலுணவு ஏற்றியதாம். பனிக்கட்டிப் பெட்டிகளிலிருந்து உப்புநீர் நாள்தோறும் சொட்டிக்கொண்டே இருந்திருக்கும். பெட்டி போல் மடித்த சட்டத்தினுள் நீர் புகுந்தால் உள்ளேயிருந்து அரிக்கும், வெளியே தெரியாது. பெரிய நிறுவனங்களின் வண்டிகளே துருவுக்குத் தப்பியதில்லை. அமெரிக்காவில் டொயோட்டா பிக்கப்புகளின் சட்டகம் துருப்பிடித்து ஓட்டை விழுகிறது என்று தொடுக்கப்பட்ட வழக்கில், 2016-இல் அந்நிறுவனம் தவற்றை ஒப்புக்கொள்ளாமலே இணக்கத்துக்கு வந்தது. அது தொட்ட வண்டிகள் ஏறத்தாழ 15 லட்சம்.

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் பண்ணுது, அப்புறம் என்ன?" என்று விற்பவர் கேட்டார். உண்மைதான். பத்து வயது கடந்த சரக்கு வாகனத்தை இங்கே ஆறு மாதத்திற்கு ஒருமுறை சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் சோதனைச் சான்று, அந்த நாளில் வண்டி எப்படி இருந்தது என்பதைத்தான் சொல்லும். வேண்டுமானால் வாங்குமுன் ஒரு சோதனை நிலையத்தில் நாங்களே பணம் கட்டி வண்டியைத் தூக்கிவைத்துப் பார்க்கலாமா என்று பணிவாகக் கேட்டேன். நேரமில்லை என்றார், வேறு இருவர் கேட்டிருக்கிறார்கள் என்றார், பிறகு 3,000 வெள்ளி குறைப்பதாகச் சொன்னார்.

மாணவரின் முகம் மலர்ந்தது. "ஆண்டுக்கு 8,250 சார். வெல்டிங் வச்சுக்கலாமே?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவருடைய எட்டு ஆண்டுச் சேமிப்பைப் பற்றி முடிவு சொல்ல நான் யார் என்ற தயக்கம். பின்தட்டின் இருபக்கத் தடுப்புகளையும் கூரைச் சட்டத்தையும் காட்டி, "இதில் யார் உட்காருவார்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

அந்த நால்வரும்தான். இங்கே முதலாளி தம் பணியாளர்களைச் சரக்கு வண்டியின் பின்தட்டில் ஏற்றிச் செல்லச் சட்டம் இடமளிக்கிறது. கூரை வேண்டும், உயர்ந்த பக்கத் தடுப்பு வேண்டும் என்ற விதிகள் வந்தன. 2023 தொடக்கத்திலிருந்து ஓட்டுநர் கண்ணயராமல் பார்த்துக்கொள்ள ஒரு துணையாளும் வேண்டும். இருக்கைப்பட்டி மட்டும் இல்லை. 2021 ஏப்ரல் 20 அன்று தீவு விரைவுச்சாலையில், நின்றிருந்த ஒரு கனவுந்தின் மீது ஊழியர்களை ஏற்றிவந்த லாரி மோதி இருவர் இறந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஒருவர் இந்தியர், மற்றவர் பங்ளாதேஷ் நாட்டவர். அந்த விபத்துக்கும் துருவுக்கும் தொடர்பில்லை. ஆனால் பின்தட்டில் அமர்ந்திருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள இருப்பது அந்த இரும்பு ஒன்றுதான். அந்த இரும்பைத் தாங்குவது கீழேயுள்ள சட்டகம். அது என் முகத்தில் உதிர்ந்ததை மாணவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒட்டுப் போட்ட துருச்சட்டத்தில், ஒட்டுக்குப் பக்கத்து இடம் அடுத்தபடியாக விரியும் என்று தந்தையார் சொல்வதையும் அவரிடம் சொன்னேன்.

அவர் விற்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார். பொங்கோல் நிலையம் வரை இருவரும் நடந்தோம். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. என்மேல் சற்று வருத்தம்தான் என்று நினைக்கிறேன். ஆசைப்பட்ட பொருளைக் குறை சொன்னவன்மேல் யாருக்கும் வருத்தம் வரும்.

மூன்று வாரம் கழித்து அவரே அழைத்தார். இம்முறை இரட்டை அறை பிக்கப். முன்னும் பின்னும் இருக்கைகள், ஓட்டுநரோடு ஐவர் அமரலாம், ஐவருக்கும் இருக்கைப்பட்டி. வயது ஏழு. உரிமை மூன்றாண்டுதான் மிச்சம், விலை அதே 36,000. வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 12,000 வெள்ளி. முந்தையதை விட நட்டம் என்றுதான் அந்தக் கணக்கு சொல்லும். ஆனால் மூன்றாண்டு கழித்து, தொழில் நன்றாக நடந்தால் புதுப்பித்துக்கொள்ளலாம். அடியில் பழைய அழுக்கும் மண்ணும் அப்படியே இருந்தன. தட்டிய இடமெல்லாம் 'டங்' என்றது. சட்டகத்தில் பொறித்த எண்ணும் பதிவு விவரத்தில் இருந்த எண்ணும் ஒத்துப்போயின. கடன் நிலுவை இல்லை என்பதையும் எழுத்தில் வாங்கச் சொன்னேன். விற்ற பெண்மணி, சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோக முகம் கோணாமல் சாவியைக் கொடுத்தார்.

ஒரே சிக்கல், பின்தட்டு குட்டை. அளவு நாடா கொண்டு அளந்தார். இரண்டு மீட்டர் ஏணி படுக்கவில்லை. எடையையும் கூட்டிப் பார்த்தோம். வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால், ஆட்களையும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்பது தெரிந்துவிடும். புல்வெட்டிகள், ஐந்து பேர், வெட்டிய கிளை மூட்டைகள் எல்லாம் அடங்கின. ஏணி மட்டும்தான்.

சென்ற வாரம் எங்கள் வீட்டுப் பலமாடி நிறுத்துமிடத்தின் இரண்டாம் தளத்தில் அந்த வண்டியைப் பார்த்தேன். குறுக்குக் கம்பியில் இடிக்காமல் உள்ளே வந்திருக்கிறது. பின்தட்டில் புதிதாக ஒரு மடக்கு ஏணி கிடந்தது.