அரை மாத்திரை

எங்கள் வீட்டில் என்னை ‘டொக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்து, உயர்தரத்தில் உயிரியல் பிரிவுக்குப் போன நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. மூத்தம்மாவின் பிரஷர் மாத்திரைகளைக் காலைக்கும் இரவுக்குமாகப் பிரித்து வைப்பது நான். தம்பி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தால் கழுவி மருந்து போடுவதும் நான். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமைதான் எங்கள் பஞ்சுவின் உயிரை எடுத்தது.

பஞ்சு எங்கள் பூனை. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில், நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்த நாட்களில் எங்களிடம் வந்தது. சமையல் எரிவாயு கிடைக்காமல் உம்மா விறகு அடுப்பு மூட்டிய காலம். குசினி மூலையில் அடுக்கியிருந்த விறகுக்குள்ளிருந்து ஏதோ முனகுவது கேட்டு மெழுகுதிரியைக் கொண்டு போய்ப் பார்த்தால், உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைக் குட்டி. நோன்புக்கு இரண்டொரு நாட்களே இருந்தன. மண்ணெண்ணெய் இல்லாமல் தோணிகள் கடலுக்குப் போகவில்லை. மீன் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. வாப்பா தன் பங்குக்கு வந்த மீனிலிருந்து தலையைக் கிள்ளி அதற்கு வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். “நம்மட வீட்டுக்கு வந்த மிஸ்கீன் இது. பட்டினி போடப்படாது” என்பார்.

மூன்று வருடங்களில் அது எங்கள் வீட்டின் நேரசூசியாகவே ஆகிவிட்டது. சுபஹுக்கு வாப்பா எழும்பினால் பைப்படி வரைக்கும் கூடப் போகும். பாடசாலை விட்டுத் தம்பி வரும் நேரத்துக்குக் கேற்றடியில் போய்க் குந்திக்கொள்ளும். இரவில் என் உயிரியல் கொப்பியின் மேல்தான் படுக்கை. தொழுகைப் பாயில் அது ஏறினால் உம்மா விரட்டுவார். மூத்தம்மாவோ, பூனை அசுத்தமில்லை, நம்மைச் சுற்றிச் சுற்றி வரும் உயிர் என்று நபியவர்கள் (ஸல்) சொன்னதை நினைவூட்டி உம்மாவின் வாயை அடைத்துவிடுவார்.

பகலில் மதிலால் பாய்ந்து பக்கத்து வீட்டு மாமியிடமும் போகும். மீன் கழுவும் நேரம் அதற்கு நன்றாகத் தெரியும். ஒரு நாள் மாமி மதிலுக்கு மேலால் எட்டிப்பார்த்து, “அரிசி மூட்டையெல்லாம் எலி வெட்டிப் போட்டிருக்கி. நஞ்சு வெச்சிரிக்கன். பூனையக் கவனமா பாத்துக்கங்ககா” என்று உம்மாவிடம் சொன்னார். அந்த வார்த்தை பின்னால் எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிதாகப் போகிறது என்று அன்று யாருக்குத் தெரியும்?

நோன்புக்கு முந்திய வாரம், ஒரு சனிக்கிழமை. பஞ்சு இன்னொரு கடுவனோடு சண்டை பிடித்துவிட்டுக் காலை நொண்டிக்கொண்டு வந்தது. பின்னங்காலில் கடிகாயம். இரவானதும் சாப்பாட்டைத் தொடவில்லை. காதைத் தொட்டால் சுட்டது. “திங்கக்கிழம மிருக வைத்தியர்ட கொண்டு போவம்” என்றார் வாப்பா. எனக்கோ அதுவரை பொறுக்க மனமில்லை. காய்ச்சல் என்றால் பரசிட்டமோல். அதற்கு ஏன் வைத்தியர்? எல்லோரும் இஷா தொழுதுகொண்டிருந்தபோது, ஒரு மாத்திரையைச் சரிபாதியாக உடைத்தேன். சின்ன உடம்புக்கு அரை மாத்திரை என்று கணக்கும் போட்டேன். தேனில் குழைத்து வாயைத் திறந்து ஊட்டினேன். அது என்னை நம்பி விழுங்கியது.

சுபஹுக்கு வாப்பா எழும்பினார். பஞ்சு கூடப் போகவில்லை. அலுமாரிக்குக் கீழே கிடந்தது. முகம் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. முரசு மண்ணிறமாகிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமையென்பதால் வாப்பா எங்கெங்கோ தொலைபேசி எடுத்துப் பார்த்தார். ஆட்டோவைக் கூப்பிட்டு வருவதற்குள் தம்பியின் மடியிலேயே அதன் மூச்சு நின்றுவிட்டது. வளவுக்குள் மாதுளை மரத்தடியில் வாப்பா குழி வெட்டினார். உம்மாவின் பழைய சீலைத் துண்டில் சுற்றி வைத்தோம். தம்பி ஒரு சூடை மீனைக் கொண்டு வந்து கூட வைக்க வேண்டுமென்று அடம்பிடித்தான்.

“நஞ்சு தின்டிரிக்கி. எலிக்கு வெச்ச நஞ்சுதான்” என்றார் உம்மா. முகம் வீங்கியதற்கும் முரசு நிறம் மாறியதற்கும் வேறு காரணம் எங்களுக்குத் தெரியவில்லை. நானும் அப்படித்தான் நம்பினேன். மாமியின் மீது எனக்கும் கோபம் வந்தது.

மூன்றாம் நாள் இரவு தூக்கம் வரவில்லை. முரசு ஏன் மண்ணிறமானது என்ற கேள்வி மட்டும் மண்டைக்குள் நின்றது. கைத்தொலைபேசியை எடுத்துத் தேடினேன். பூனைக்குப் பரசிட்டமோல் கொடிய நஞ்சு. மனிதனின் ஈரல் அந்த மருந்தை உடைத்து வெளியேற்றுவதற்குப் பயன்படுத்தும் நொதியம் பூனையிடம் போதியளவு இல்லை. உடம்பில் தேங்கும் நச்சு செங்குருதிக் கலங்களைத் தாக்கும். ஈமோகுளோபின் ஒட்சிசனைக் காவ முடியாமல் போகும். இரத்தம் மண்ணிறமாகும், முகமும் பாதங்களும் வீங்கும். ஒரு மாத்திரையே ஒரு பூனையைக் கொல்லப் போதும். சில மணித்தியாலங்களுக்குள் கொண்டு போனால் மாற்று மருந்தும் உண்டு.

நொதியம், ஈமோகுளோபின், ஒட்சிசன். எல்லாம் என் கொப்பியில் நானே எழுதிய சொற்கள். பஞ்சு படுத்துறங்கிய அதே கொப்பி.

நான் யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளினேன். நோன்பு வந்தது. வருடா வருடம் முதல் நோன்பன்று கஞ்சி காய்ச்சியதும் முதல் கோப்பை மதிலுக்கு மேலால் மாமி வீட்டுக்குத்தான் போகும். இந்த வருடம் போகவில்லை. மாமி பேரீச்சம்பழம் அனுப்பினார். உம்மா வாங்கினார், பதிலுக்கு ஒன்றும் அனுப்பவில்லை. இரவில் தறாவீஹுக்கு நிற்பேன். கை கட்டியிருக்கும், மனமோ மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கும். பூனை செத்ததற்கு அழுவதா, செய்யாத குற்றத்தை ஒரு மனுசியின் தலையில் போட்டுவிட்டு நோன்பு பிடிப்பதற்கு அழுவதா என்று தெரியவில்லை.

ஐந்தாம் நோன்பன்று அஸருக்குப் பிறகு மதிலடியில் கோழி கதறியது. ஓடிப்போய்ப் பார்த்தேன். தம்பியின் கையில் கல். மாமியின் கோழி ஒன்று காலை இழுத்துக்கொண்டு போனது. ஏழு வயதுப் பிள்ளை, எறும்பைக்கூட மிதிக்காதவன். “அவ எங்கட பஞ்சுவக் கொன்டாதானே” என்றான். 

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. குசினிக்குள் போய், கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்த உம்மாவிடம், “மாமி இல்ல உம்மா. நான்தான்” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். உம்மாவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. வாப்பா நெடுநேரம் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “மகள், பூன உன்ட கையால மௌத்தானது தெரியாமச் செஞ்ச பிழ. அல்லாஹ் மன்னிப்பான். தெரிஞ்ச பொறகும் வாய் தொறக்காம இருந்தியே, அதுக்கு அவட்டதான் மன்னிப்புக் கேக்கணும். நோன்பு தொறக்கிறதுக்கு முந்திப் போ” என்றார்.

உம்மா கஞ்சிக் கோப்பையை மூடி எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். மாமி கோழியின் காலுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். நான் அழுதழுது சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. பிறகு உம்மாவைப் பார்த்துச் சொன்னார்: “அந்த நஞ்ச நான் அடுத்த நாளே எடுத்துத் தாட்டுட்டனேகா. பஞ்சு வந்து வாய வெச்சிருமென்ட பயம். எலி தின்டா அரிசி போகும், அவ்வளவுதானே. என்னட்டக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்.” உம்மா தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான். “எனக்கும் மீன் வெட்டக்குள்ள கை தன்னால குடல ஒரு பக்கமா ஒதுக்குது” என்றபோதுதான் மாமியின் குரல் உடைந்தது. எங்களைப் போலவே அவரும் ஒரு பூனையை இழந்திருந்தார். அதற்காகத் துக்கப்படவும் நாங்கள் அவரை விடவில்லை.

தம்பி இரண்டு நாட்கள் என்னோடு பேசவில்லை. மூத்தம்மா அவனை மடியில் இருத்தி அபூ உமைர் என்ற சிறுவனின் கதையைச் சொன்னார். அனஸ் (ரழி) அவர்களின் தம்பி அவர். ஆசையாக வைத்து விளையாடிய சின்னக் குருவி செத்துப்போனதால் வாடியிருந்தார். வீட்டுக்கு வந்த நபியவர்கள் (ஸல்) அந்தச் சிறுவனின் முகத்தைக் கவனித்தார்கள். ஒரு பறவைக்காக ஏன் இந்தத் துக்கம் என்று கேட்கவில்லை. அந்தக் குருவியைப் பற்றியே அவரிடம் அன்போடு விசாரித்தார்கள். இந்தக் கதையைச் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். அன்றுதான் அது எனக்குள் இறங்கியது. ‘ஒரு பூனைதானே’ என்று என் துக்கத்தை நானே சிறுமைப்படுத்த வேண்டியதில்லை என்பது விளங்கியது.

அன்றிரவு தம்பி என் பக்கத்தில் வந்து படுத்தான். “நீ வேணுமென்டு குடுத்தியா?” என்று கேட்டான். “இல்லடா.” “அது பஞ்சுவுக்குத் தெரியுமா?” என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. “அல்லாஹ்வுக்குத் தெரியும்” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப் போனான்.

தோழிகளே, இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உங்கள் வீட்டிலும் ஒரு பூனை இருக்கலாம். உங்களுக்கும் என்னைப் போல எல்லாம் தெரிந்த கை இருக்கலாம். மனிதருக்கான மருந்தை, அரைத் துண்டாக இருந்தாலும், பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். தவறிக் கொடுத்துவிட்டால் ஒளிக்காதீர்கள். உடனே சொல்லுங்கள், உடனே வைத்தியரிடம் கொண்டு ஓடுங்கள். நான் அன்று விடியற்காலையில் வாயைத் திறந்து மாத்திரை கொடுத்ததைச் சொல்லியிருந்தால் பஞ்சு பிழைத்திருக்குமா தெரியாது. சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும். அந்த நேரத்தில் மாத்திரையின் நினைவே எனக்கு வரவில்லை. அவ்வளவு நிச்சயமாக இருந்தேன், நான் செய்தது சரியென்று.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்திய பீடம் என்று ஒன்று இருப்பது முன்பெல்லாம் என் கணக்கிலேயே இருந்ததில்லை. இப்போது அதுவும் மனத்தில் இருக்கிறது. முடிவெடுக்க இன்னும் காலம் இருக்கிறது. 

தம்பியும் மாமியும் இப்போது நல்ல சினேகிதர்கள். காலையில் கோழிகளுக்குத் தீன் போடுவது அவன் பொறுப்பு. கல் பட்ட கோழி இன்னமும் சற்று நொண்டும். அதற்கு மட்டும் அவன் ஒரு பிடி அதிகமாகப் போடுகிறான்.