மூவருள் இருவர்

அரபு இலக்கியம் கற்பிக்கத் தொடங்கிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னர், ஒரு நாள் வகுப்பில் தலைகுனிந்து நின்றேன். அபுல் ஃபரஜ் இஸ்பஹானியின் ‘கிதாபுல் அகானி’ பற்றிய பாடம் அது. கலீஃபா ஹாரூன் ரஷீத் (ஆட்சி: ஹிஜ்ரி 170–193, கி.பி. 786–809) சிறந்த 100 பாடல்களைத் தேர்ந்தெடுத்துத் தருமாறு இசைவாணர் மூவரைப் பணித்தார், அத்தேர்வே அந்நூலுக்கு அடித்தளம். “மூவருள் ஒருவர் இப்ராஹீம் மவ்ஸிலீ” என்று கூறி நிறுத்தினேன்.

“மற்ற இருவர் யார், ஹஜ்ரத்?” என்றார் ஒரு மாணவர்.

“யாரோ இருவர்” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

அச்சொல் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. மதரஸாவில் ஓதிய காலத்தில் அந்நூலை நான் எடுத்ததெல்லாம் இலக்கணத்துக்குச் சான்றாகும் பைத்துகளைத் தேடத்தான். பாடகர் வரலாறுகளைப் படிக்காமலே தள்ளிவிடுவேன். இசை குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், ஆசிரியனின் அறியாமைக்கு அது சமாதானம் ஆகுமா?

ஃபுலைஹ், இப்னு ஜாமிஉ ஆகியோரே அவ்விருவர். இருவரும் மக்காவைச் சேர்ந்தவர்கள். இப்னு ஜாமிஉ குறைஷிகளின் பனூ ஸஹ்ம் கிளையினர். குர்ஆனை நெஞ்சில் சுமந்தவர். இவரையும் மவ்ஸிலீயையும் ஒப்பிடுமாறு பர்ஸவ்மா என்னும் குழலிசைக் கலைஞரிடம் கலீஃபா கேட்டாராம். மவ்ஸிலீ ஒரு தோட்டம், அங்கே கனியும் உண்டு, காயும் உண்டு. இப்னு ஜாமிஉவோ தேன் நிறைந்த தோற்பை, எப்பக்கம் திறந்தாலும் இனிப்பே என்னும் பொருள்பட அவர் விடையளித்தார்.

இன்னொரு செய்தியும் உண்டு. வறுமை விரட்ட மக்காவை விட்டு மதீனா சென்ற இப்னு ஜாமிஉவின் கையில் மூன்றே திர்ஹம்கள் எஞ்சியிருந்தன. தோளில் குடத்துடன் நீரெடுக்கச் சென்ற அடிமைப்பெண் ஒருத்தி பாடிய பாட்டில் மனம் பறிகொடுத்து, அந்த மூன்று திர்ஹம்களையும் கொடுத்து அதைக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் கலீஃபாவின் முன் அதே பாட்டு அவருக்குப் பொற்கிழிகளைப் பெற்றுத் தந்தது. அவளுடைய பெயரை நான் படித்த பகுதியில் காணவில்லை. மறக்கப்பட்ட கலைஞருக்குப் பின்னால் அவரினும் மறக்கப்பட்ட ஒருத்தி!

மவ்ஸிலீயின் திறமையை நான் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் அவருக்கு இஸ்ஹாக் என்றொரு மகன் வாய்த்தார் (மறைவு: கி.பி. 850). இசையில் தந்தைக்கு நிகரானவர். அத்துடன் நூல்கள் எழுதிய அறிஞர். அவர் மகன் ஹம்மாதும் குடும்பச் செய்திகளை அறிவித்தார். ஒரு நூற்றாண்டு கடந்து அபுல் ஃபரஜ் எழுத அமர்ந்தபோது, இவ்வறிவிப்புகள் அவர் கைக்கு எட்டின. இஸ்னாதின் வலிமையை ஹதீஸ் பாடத்தில் நாள்தோறும் விளக்கும் எனக்கு, இது அன்றுதான் உறைத்தது.

பாடல்களுக்குரிய தாள வகையையும், ஊத் நரம்பில் விரல் வைக்கும் முறையையும் அந்நூல் குறிக்கிறது. ஆனால் மெட்டை அதிலிருந்து மீட்டெடுக்க வழியில்லை. மவ்ஸிலீயின் இசையும் இப்னு ஜாமிஉவின் இசையும் நமக்கு ஒருங்கே மௌனம்தான். செவியால் ஒப்பிட்டு ஒருவரை உயர்த்தியவர் நம்மில் எவருமில்லை. ஏட்டில் மிகுந்து நின்ற பெயரை நாம் பின்பற்றினோம், அவ்வளவே.

மறுவாரம் என் பிழையை வகுப்பில் ஒப்புக்கொண்டு, இரு பெயர்களையும் கரும்பலகையில் எழுதினேன். ஃபுலைஹைப் பற்றி இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.