பலி!

காலையில் நாளேட்டைப் பிரிக்கிறோம். பேருந்து கவிழ்ந்து மூவர் பலி! மின்னல் தாக்கி மாடு பலி! சாக்கடையில் விடவாயு தாக்கித் தொழிலாளர் இருவர் பலி! அனைத்துக்கும் ஒரே சொல்.

பலி என்பது பீடத்தில் படைப்பது. படைப்பவன் ஒருவன் இல்லாமல் பலி இல்லை. மின்னலுக்கு மாட்டைப் படைத்தவன் எவன்? எவனுமில்லை. சாக்கடைக்கு? காப்புக் கருவியின்றி மனிதனை அதில் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆயினும் இறக்கினானே, அவன் யார்? தலைப்பில் அவனைக் காணோம், வாயுதான் இருக்கிறது!

மாணவப் பருவத்துக் கையெழுத்து ஏட்டில் நாமும் அவ்வாறே எழுதினோம், இன்று நாணுகிறோம். தோழர்களே, இனி அச்சொல்லைக் காணும்போதெல்லாம் கேட்போம்: பலி கொடுத்தவன் யார்?