சுவரும் சித்திரமும்

‘சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்’ என்ற பழமொழிக்கு ஐந்தாம் வகுப்பிலேயே பொருள் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள். ஆனால் அதன் உண்மையான பொருள் பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

பத்தாம் வகுப்பு என்றாலே பரபரப்புதான். விடியற்காலை 4.30 மணிக்கு எழ வேண்டும். 5.30 மணிக்குக் கணக்கு டியூஷன், 8.30 மணிக்குப் பள்ளியில் சிறப்பு வகுப்பு, மாலையில் தேர்வு, இரவு 11 மணி வரை படிப்பு. இதற்கிடையே சாப்பிட நேரம் ஏது? அம்மா இட்லித் தட்டுடன் வாசல்வரை ஓடி வருவார். “நேரமில்லைம்மா” என்று ஒரு தம்ளர் காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் பேருந்துக்கு ஓடுவோம். யார் குறைவாகத் தூங்கினார்கள் என்பதில்கூட எங்களுக்குள் போட்டி!

வாரம் ஒருமுறை பள்ளியில் தரும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையையும் எதிரியாகவே நினைத்தோம். விழுங்கினால் வயிற்றைப் புரட்டும். ஆகவே நாக்கின் அடியில் ஒளித்து வைத்திருந்து, டீச்சர் திரும்பியதும் ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிடுவோம். அங்கிருந்த செம்பருத்திச் செடிக்கு இரத்தசோகை வந்திருக்கவே முடியாது!

அரையாண்டுத் தேர்வின் முதல் நாள். காலை வழிபாட்டில் முன்வரிசையில் நின்ற எங்கள் தோழி திடீரென மயங்கி விழுந்தாள். வகுப்பில் எப்போதும் முதலிடம் பெறுபவள் அவள். மருத்துவமனையில் பரிசோதித்தபோது அவளுடைய ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருந்தது. எங்கள் வயதுப் பெண்களுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டுமாம். எந்தத் தேர்வுக்காக இரவெல்லாம் கண்விழித்தாளோ, அந்தத் தேர்வில் இரண்டு தாள்களை அவளால் எழுத முடியவில்லை.

அன்று மாலை எங்கள் சிஸ்டர் வகுப்புக்கு வந்தார்கள். திட்டவில்லை. “மாத்திரையை ஒழுங்காக விழுங்கியவர்கள் கையைத் தூக்குங்கள்” என்றார்கள். ஒரு கைகூட உயரவில்லை. பிறகு பொறுமையாக விளக்கினார்கள். வெறும் வயிற்றில் விழுங்குவதால்தான் குமட்டுகிறது. உணவுக்குப் பின் விழுங்கினால் அந்தத் தொல்லை குறையும். சாப்பாட்டோடு காப்பியும் தேநீரும் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. நெல்லிக்காயும் எலுமிச்சையும் அது சேர உதவும். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 100க்கு 59 பேருக்கு இரத்தசோகை. எங்கள் வகுப்பில் 40 பேர். மனக்கணக்குப் போட்டுப் பார்த்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

உடம்பைக் கோயிலாகக் கண்டார் திருமூலர். அது தூய ஆவியாரின் ஆலயம் என்று எழுதினார் புனித பவுல். கோயிலுக்கு விளக்கேற்ற மறக்காத நாங்கள், இந்தக் கோயிலைப் பட்டினி போட்டிருக்கிறோம்! நம்மை நாம் பேணுவது தன்னலமாகாது என்று அன்றுதான் உணர்ந்தோம்.

இப்போது எங்கள் வகுப்பில் காலை வணக்கத்துக்கு அடுத்த கேள்வி, “சாப்பிட்டாயா?” என்பதுதான். சாப்பிடாமல் வந்தவளுக்கு எவளாவது ஒருத்தி தன் டப்பாவைத் திறந்து நீட்டுவாள். இடைவேளையில் கடலைமிட்டாயும் எள்ளுருண்டையும் கைமாறுகின்றன. மாத்திரை மதிய உணவுக்குப் பின் வயிற்றுக்குள்ளேதான் போகிறது. இரவு 10 மணிக்கு விளக்கை அணைக்கிறோம். எங்கள் வயதுக்கு வேண்டிய 8 மணி நேரத் தூக்கம் இன்னும் கைகூடவில்லை; முயன்று வருகிறோம். எங்கள் தோழியும் தேறி வருகிறாள். மூன்று மாதத்தில் 10.5 கிராம் ஆகிவிட்டது.

இன்னொன்றும் எங்கள் மனத்தை உறுத்துகிறது. எங்களுக்காக இட்லித் தட்டுடன் ஓடி வரும் அம்மா எப்போது சாப்பிடுகிறார்? எல்லோரும் உண்டபின், மிஞ்சியதை. அவருடைய இரத்தம் எத்தனை கிராம் என்று எங்கள் 40 பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்புத் தோழியரே! நாளைக் காலை நாம் வீட்டில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து சாப்பிடுவோம். அம்மாவையும் அருகில் உட்கார வைப்போம். சுவர்கள் உறுதியாக நிற்கட்டும். சித்திரங்களைப் பிறகு அழகாக எழுதலாம்.