ஐந்து பாலம் தாண்டி அசோகா!

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவேரி என்று ஐந்து பாலங்களைக் குழந்தைகள் எண்ணி முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். இறங்கியதும் அசோகா! பயத்தம் பருப்பை வேகவைத்து மசித்து, கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்து நெய்யில் கிளறிய அல்வா அது. வீட்டில் செய்கிறவர்கள் நெய்யில் சிக்கனம் பார்த்தால் பருப்புக் கூழ்தான் மிஞ்சும், ஜாக்கிரதை!

ஆடிப் பதினெட்டு என்றால் புளியோதரையும் தயிர்ச் சாதமும் கட்டிக்கொண்டு நேரே புஷ்ய மண்டபப் படித்துறைக்குப் போகவேண்டும். ஆனால் கிளம்புமுன் பத்திரிகையில் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்த்துவிடுங்கள். வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கவேண்டிய அணை, 2012-இலும் 2017-இலும் ஜூனில் திறக்கவில்லை. அப்படிப்பட்ட ஆடியில் காதோலை கருகமணியோடு வந்த பெண்கள், காவேரியைத் தேடி மணலில் ஊற்றுத் தோண்டவேண்டியதுதான்.