வெட்டிவிட்ட எர்த்

அண்ணனின் கிட்டார் பெடல் பெட்டி எட்டு வருடமாக என் வீட்டுப் பரணில் கிடந்தது. அவர் போன பிறகு அவருடைய மகள் கொண்டுவந்து கொடுத்தது. போன மாதம்தான் இறக்கித் துடைத்தேன். பழைய சூட்கேஸ், அதற்குள் அளவெடுத்து அறுத்த பிளைவுட் பலகை, பலகை மேல் மூன்று பெடல்கள். ஆரஞ்சு நிறத்தில் பாஸ் டிஎஸ்-1, வெளிர்நீலத்தில் சிஇ-2 கோரஸ், வெள்ளையில் டிடி-3 டிலே. சிங்கப்பூர் போய்வந்தவர்கள் கையில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை.

மூடியின் உள்பக்கம் பாட்டு லிஸ்ட் இன்னும் ஒட்டியிருந்தது. பால்பாயிண்ட் பேனாவில் அவர் கையெழுத்து. ‘என் இனிய பொன் நிலாவே’ என்பதற்கு எதிரே ‘கோரஸ் மட்டும்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். 1980இல் வந்த ‘மூடுபனி’ பாட்டு. அதில் கிட்டார்தான் முதலில் ஒலிக்கும். மற்ற பாட்டில் தபேலாவும் கீபோர்டும் இரைச்சலை மூடிவிடும், இதில் மூட ஆளில்லை. அதனால் எந்த ஊர் மேடையானாலும் இந்தப் பாட்டின் முதல் கார்டைத்தான் வாசித்துப் பார்ப்பார்.

வயரை மாட்டினேன். சத்தமே இல்லை. இருபது வருடம் அவர் பக்கத்தில் ரிதம் கிட்டார் வாசித்தவன் நான், பழுது பார்க்கும் முறை கைக்குத் தெரியும். முதலில் பலகையை ஒதுக்கிவிட்டு கிட்டாரை நேராக ஆம்ப்பில் சொருக வேண்டும். சொருகினால் அதுவும் ஊமை. ஆம்ப்பின் பின்பக்கம் செண்ட், ரிட்டர்ன் என்று இரண்டு துளைகள் உண்டு. ரிட்டர்னில் எதுவும் சொருகாதபோது உள்ளே ஒரு சிறு தகடு இரண்டையும் சேர்த்துவைக்கும். தகட்டில் களிம்பு ஏறினால் சத்தம் அங்கேயே நின்றுபோகும். ஒரு சாண் வயரை செண்டிலிருந்து ரிட்டர்னுக்குப் போட்டேன். உடனே சத்தம் வந்தது. அண்ணன் சொல்லிக்கொடுத்த முதல் வித்தை இதுதான். கிளீனர் அடித்து, பிளக்கைப் பத்துத் தடவை சொருகி எடுத்ததும் தகடு சரியாகிவிட்டது.

டிலே பெடலை அந்த செண்ட், ரிட்டர்ன் வழியில்தான் வைத்திருந்தார். ஆம்ப்பின் சொந்த டிஸ்டார்ஷனுக்கு முன்னால் டிலே வந்தால் எதிரொலியும் சேர்ந்து நசுங்கி ஒரே கூழாகிவிடும். டிஸ்டார்ஷன் முடிந்த பிறகு வந்தால் ஒவ்வொரு திரும்பலும் தனித்தனியாக விழும். ஆகவே பலகையிலிருந்து ஆம்ப்புக்கு மூன்று வயர்கள்: இன்புட்டுக்கு ஒன்று, செண்டிலிருந்து ஒன்று, ரிட்டர்னுக்கு ஒன்று.

பலகையைத் திருப்பினேன். செண்ட், ரிட்டர்ன் இரண்டு வயர்களிலும் பலகைப் பக்கத்து எர்த் பின்னல் பிய்ந்து, இன்சுலேஷன் டேப்புக்குள் சும்மா கிடந்தது. அடடா, இத்தனை வருடத்தில் விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து, மின்னுகிற மாதிரி சால்டர் வைத்து இரண்டையும் ஒட்டினேன்.

சுவிட்சைப் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று ஹம் கிளம்பியது. கரகரப்பு இல்லை, லூஸ் கனெக்ஷனும் இல்லை. 50 ஹெர்ட்ஸ், கரண்டின் சொந்தக் குரல்.

அந்தக் குரலைக் கேட்டதும்தான் மானாமதுரைப் பக்கத்துப் பங்குனித் திருவிழா மேடை ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஜெனரேட்டர் ஓட்டம், மேடையைச் சுற்றி சீரியல் லைட். மூன்று பெடலுக்கும் சேர்த்து அண்ணன் தானே செய்த பவர் சப்ளை அன்றுதான் முதல்முறையாக மேடை ஏறியது: ஒரு டிரான்ஸ்ஃபார்மர், 7809 என்ற மூன்று கால் ஐசி, ஒன்பது வோல்ட். அதுவரை பேட்டரிதான். கச்சேரி முடிந்ததும் பிளக்கை உருவ மறந்தால் காலைக்குள் பேட்டரி செத்திருக்கும். அந்தச் செலவு தாளாமல்தான் செய்தார். ஆனால் சப்ளையின் நெகட்டிவ் மூன்று பெடலையும் இணைத்துவிட்டது. மூன்று வயரின் எர்த்தும் ஆம்ப்பில் சேர, வழி வளையமாகி, பக்கத்திலிருந்த டிரான்ஸ்ஃபார்மரின் ஹம்மை அந்த வளையம் அப்படியே வாங்கிக்கொண்டது.

மைக் செட்காரர் ஓடிவந்து, “ஆம்ப் பிளக்குல எர்த் பின்னை உடைச்சு விடுங்கண்ணே, நின்னுரும்” என்றார். அண்ணன் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. “கை தந்தியில இருக்கு, வாய் மைக்குல இருக்கு. அந்த எர்த்தை எடுத்தா ஆளை எடுத்துரும்யா” என்றார். பிறகு என்னிடம், “தம்பி, டார்ச்சைக் கிட்டப் பிடி” என்று சொல்லிவிட்டு, பலகையைக் கவிழ்த்துப்போட்டு, சவர பிளேடால் செண்ட், ரிட்டர்ன் வயர்களின் பின்னலை ஒரு முனையில் மட்டும் அறுத்தார். இன்புட் வயரின் எர்த்தை மட்டும் தொடவில்லை, மூன்றுக்கும் அது ஒன்றே போதும். டேப்பைப் பல்லால் கடித்து ஒட்டினார். பின்னலின் ஒரு இழை அவர் கட்டைவிரலில் குத்தி ரத்தம் வந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு முதல் கார்டைப் போட்டார். ஜெனரேட்டர் ஓசை மட்டும் தூரத்தில் கேட்டது.

இப்போது குழுவில் வாசிக்கிற பையன்கள் ஒரே பிராசஸரை மிக்ஸரில் சொருகிவிடுகிறார்கள். அவர்கள் வாசிப்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் காதைக் கொடுத்து, வயர் வயராகக் கேட்டுக்கொண்டே போய், இந்த இடம்தான் என்று கை வைக்கிற மனிதர் பக்கத்தில் இல்லை.

நான் வைத்த சால்டரை உருக்கி எடுத்தேன். பின்னலை மடக்கிப் புது டேப் சுற்றினேன். ஹம் நின்றது. மூடியில் அவருடைய லிஸ்ட்டுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. இந்தப் பெட்டி எனக்குப் பிறகு யார் கைக்குப் போகும் என்று தெரியாது. ‘செண்ட், ரிட்டர்ன் எர்த்தை ஒட்டாதே, அண்ணன் வெட்டியது’ என்று எழுதினேன்.