வேனுக்குள் சமையல் சிலிண்டர்

என் அப்பா சேலையூரில் ஆம்னி வேன் வைத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்றவர். பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல் கேஸுக்கு மாற்றினார். "ஒண்ணும் ஆகாதுண்ணே" என்று மெக்கானிக் மாட்டியது, எங்கள் வீட்டுச் சமையல் சிலிண்டரை! பின்சீட்டில் அதற்கு முன்னால்தான் நானும் தங்கையும் உட்காருவோம்.

ஒருநாள் கேம்ப் ரோடு அருகே கேஸ் வாடை. வண்டியை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார் அப்பா. அவர் கை நடுங்கி அன்றுதான் பார்த்தேன்.

டிப்ளமோ சேர்ந்த பிறகுதான் காரணம் புரிந்தது. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். ஒரு தீப்பொறி போதும்! முறையான ஆட்டோ எல்.பி.ஜி. டேங்க்கில் 80 சதவீதம் நிரம்பியதும் வால்வு மூடிக்கொள்ளும். இன்ஜின் நின்றால் சோலினாய்டு வால்வு கேஸை அடைக்கும். சமையல் சிலிண்டரில் இதெல்லாம் ஏது? வண்டியில் அதைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றமும்கூட. வண்டிக்கான எல்.பி.ஜி.க்கென்றே 2001-இல் மத்திய அரசு தனி ஆணை கொண்டுவந்தது.

அப்பா கடன் வாங்கி, அங்கீகாரம் பெற்ற கிட் போட்டு, ஆர்.சி. புக்கிலும் பதிவு செய்தார். கேஸ் மேல் எனக்குக் கோபமில்லை. அதை மாட்டிய விதத்தின் மேல்தான்.

நாளை நம்மிடமும் யாராவது, "சும்மா மாட்டிக் குடு தம்பி" என்பார்கள். அந்தப் பின்சீட்டில் யார் உட்காரப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.